பள்ளிச் சமையலறைத் தோட்டம்: நாலு சென்ட் இடத்தில் என்ன முடியும், என்ன முடியாது

கேள்வி சுருக்கமாக இதுதான். கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம் வட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. ஒன்று முதல் எட்டு வரை 90 பிள்ளைகள். பள்ளிக்குப் பின்பக்கம் 4 சென்ட் இடம் சும்மா கிடக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒரு தாய் கேட்கிறார்: சத்துணவுக்கு வேண்டிய காய்கறியை அதிலேயே விளைவிக்க முடியுமா? செடி வளர்ப்பதோடு சமைக்கவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா? ஜூனில் பள்ளி திறந்ததும் ஆரம்பித்தால் சரியா? இதனால் படிப்பு கெடும் என்று சில பெற்றோர் சொல்கிறார்களே, அது உண்மையா?

கேள்வி நாலு என்றாலும், அவர் உண்மையில் கேட்பது வேறு ஒன்று என்று எனக்குப் படுகிறது. இது நிலைக்குமா, இல்லை அடுத்த வருஷமே புல் மூடிவிடுமா என்பதுதான் அது. நான் மேல்நிலைப் பள்ளியில் வேளாண்மைத் தொழிற்பிரிவு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மாவட்டத்தின் மேற்கிலும் கிழக்கிலும் வேலை பார்த்திருக்கிறேன். மண், செடி, பிள்ளைகள் இந்த மூன்றையும் பற்றித் தயங்காமல் சொல்வேன். ஊட்டச்சத்து என் படிப்பல்ல; அங்கே ஆய்வுகள் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் கணக்கு. மதிய உணவுத் திட்டத்தின் மத்திய அரசு அளவுப்படி தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் காய்கறி, ஆறு முதல் எட்டு வரை 75 கிராம். உங்கள் பள்ளியில் 50 பேர் கீழ்வகுப்பு, 40 பேர் மேல்வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 5.5 கிலோ. ஆண்டுக்கு 200 நாள் சமைத்தால் 1,100 கிலோ. இனி இடத்தைப் பாருங்கள். 4 சென்ட் என்பது ஏறத்தாழ 160 சதுர மீட்டர். நடைபாதை, உரக்குழி, தென்னை நிழல் எல்லாம் போனால் பாத்திக்கு 100 சதுர மீட்டர் மிஞ்சும். நல்ல விவசாயி வெண்டை போட்டால் ஒரு போகத்தில் சதுர மீட்டருக்கு 1.2 கிலோ எடுப்பார். இரண்டு போகம் முழுசாக எடுத்தாலும் 240 கிலோ. பிள்ளைகள் கையில் அதில் பாதி வந்தாலே சந்தோஷம். ஆக, தேவையில் பத்தில் ஒன்று, கூடிப்போனால் ஐந்தில் ஒன்று. மிச்சத்துக்கு வடசேரிச் சந்தையையோ பக்கத்துக் கடையையோ நம்பித்தான் ஆக வேண்டும். இது உறுதி. யாராவது 4 சென்ட்டில் பள்ளிக்கே காய்கறி போடலாம் என்று சொன்னால், கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

அப்படியென்றால் எதற்கு இந்தப் பாடு? தான் நட்டதை, தான் பறித்ததை, பிள்ளை வாயில் வைத்துப் பார்க்கும். அதற்குத்தான். இந்தத் தோட்டத்தைச் சந்தைக்குப் பதிலாக நினைத்தால் முதல் வருஷமே ஏமாற்றம். வாரத்தில் ஒரு நாள் தங்கள் பாத்தியில் விளைந்ததைப் பள்ளி முழுக்கச் சாப்பிடும் ஏற்பாடாக நினைத்தால் நிற்கும். ஆய்வுகளும் ஏறத்தாழ இதையே சொல்கின்றன. தோட்டம் போட்ட பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் காய்கறிகளைத் தெரிகிறது, புதிய காயை ருசி பார்க்கத் தயக்கம் குறைகிறது என்பதற்கு ஆதாரம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் தோட்டம் மட்டும் போட்டால் பிள்ளை சாப்பிடும் காய்கறி அளவு கூடிவிடுமா என்றால், அங்கே ஆதாரம் பலவீனம். லண்டன் தொடக்கப் பள்ளிகளில் நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில் பொதுவாகப் பெரிய மாற்றம் இல்லை; தோட்டம் பள்ளியின் அன்றாட வேலையோடு நன்றாகக் கலந்துபோன இடங்களில்தான் அளவு கூடியது. அமெரிக்காவில் பெர்க்லியில் 1995இல் ஆலிஸ் வாட்டர்ஸ் தொடங்கிவைத்த பள்ளித் தோட்டத்தைப் பலர் உதாரணம் காட்டுவார்கள். நல்ல உதாரணம்தான். ஆனால் அங்கே தோட்டத்துக்கும் சமையலுக்கும் தனித்தனி ஆசிரியர்கள் உண்டு. நம் பள்ளியில் அறிவியல் டீச்சரே எல்லாம். அதனால் அவர்கள் செய்வதை அப்படியே எடுக்காமல், நமக்கு எட்டுவதை எடுத்துக்கொள்வோம்.

எனவே முதல் வேலை மண்வெட்டி எடுப்பது அல்ல. சத்துணவுச் சமையலர் அக்காவிடம் போய், எந்தக் காய் வந்தால் உங்களுக்கு வசதி என்று கேட்பது. பெரும்பாலும் யாரும் இதைக் கேட்பதில்லை. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று மூன்று பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இடம் காலியாகக் கிடப்பது சகஜம். அந்த நிலையில் தோட்டத்திலிருந்து ஒரு சுமை கீரையைக் கொண்டுபோய்க் காலை பத்தரை மணிக்கு அடுக்களை வாசலில் வைத்தால் அவருக்குக் கோபம்தான் வரும். அஞ்சு கிலோ கீரையை ஆய்ந்து, மண் போகக் கழுவி, அரிந்து முடிக்க ஓர் ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரம் அவரிடம் இல்லை. பள்ளித் தோட்டம் பல இடங்களில் சாகிறதே, பூச்சியால் அல்ல, இந்த ஒரு மணி நேரத்தால்தான் என்பது என் அபிப்பிராயம்.

அந்த ஒரு மணி நேரத்தைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். முதல் பாடவேளையில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கீரையை வேரோடு பிடுங்கி, வேரை அங்கேயே கிள்ளிப் போட்டுவிட வேண்டும். மூன்று பெரிய பேசினில் தண்ணீர். நம் பக்கத்துச் செம்மண்ணில் முதல் பேசின் தண்ணீர் செங்கல் நிறமாகும். இரண்டாவது லேசாகக் கலங்கும். மூன்றாவதின் அடியில் மணல் ஒரு கோடு போல நிற்கும். அந்தக் கோடு இல்லாமல் போகும் வரைக்கும் கழுவ வேண்டும் என்று ஒரு தடவை சொன்னால் போதும், பிறகு அவர்களே பேசினுக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். புழு அரித்த இலை எது, வெறும் ஓட்டை விழுந்த நல்ல இலை எது என்று பிரிக்கவும் அங்கேயே படித்துவிடுவார்கள். சமையலுக்கு இதைவிட நல்ல முதல் பாடம் கிடையாது. சமையலர் கைக்கு ஆய்ந்த கீரை போகும்போது அவருக்கும் தோட்டத்தின் மேல் ஒரு பிரியம் வந்துவிடும்.

இனி ஜூன் மாதக் கேள்வி. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவ மழையும் உண்டு. கன்னிப்பூ, கும்பப்பூ என்று நெல்லுக்கே இரண்டு போகம் வைத்த ஊர். தமிழ்நாட்டுக்குப் பொதுவாகச் சொல்லும் ஆடிப்பட்ட அட்டவணை கல்குளம், விளவங்கோடு பக்கம் அப்படியே பொருந்தாது. பள்ளி திறக்கும் வாரத்தில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். அப்போது கீரை விதைத்தால் விதை ஓடையில் போகும்; தப்பியது அழுகும். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தில் நட்டு, போட்டோ எடுத்து, ஆகஸ்டில் தடமே இல்லாமல் போன தோட்டங்களை எத்தனையோ பார்த்தாயிற்று. ஜூனில் குழி எடுத்து வாழை, கிழங்கு வகை, கறிவேப்பிலை நடுங்கள், வேலி கட்டுங்கள், உரக்குழி வெட்டுங்கள். கீரை, பயறு, வெண்டை, வழுதலங்காய் (கத்தரிக்காய்) எல்லாம் ஆகஸ்ட் நடுவில், மழை தணிந்த பிறகு. வெண்டை விதைத்த ஒன்றரை மாதத்தில் காய் வரும், அதாவது காலாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் திரும்பி வரும் நேரத்துக்கு. ஐப்பசி மழையில் கொஞ்சம் இழப்பு இருக்கும், அதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த விதைப்பு தை மாதம். அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

கீரைக்கு ஒரு திட்டம் சொல்கிறேன். ஒவ்வொன்றும் 6 சதுர மீட்டராக ஐந்து பாத்திகள். வாரம் ஒரு பாத்தி விதையுங்கள். தண்டங்கீரை 25 முதல் 30 நாளில் பிடுங்கத் தயார். முதல் பாத்தியைப் பிடுங்கும் வாரத்தில் ஐந்தாவதை விதைப்பீர்கள். ஒரு பாத்தியில் 5 கிலோ கிடைத்தால் 90 பேருக்கு ஒரு வேளை துவரனுக்கு, அதாவது தேங்காய் போட்ட பொரியலுக்கு, போதும். ஒரு பாத்திக்கு விதை ஒன்றரை கிராம்தான், ஒரு டீஸ்பூன்கூட இல்லை. பிள்ளைகள் கையில் கொடுத்தால் ஒரே இடத்தில் கொட்டிவிடுவார்கள்; ஒரு சிரட்டை மணலில் கலந்து தூவச் சொல்லுங்கள். எறும்பு தொல்லை இருந்தால் கொஞ்சம் ரவையும் சேர்க்கலாம், எறும்பு ரவையைத் தூக்கிக்கொண்டு விதையை விட்டுவிடும். ஈரக் காலத்தில் சிவப்புக் கீரைக்கு இலைக்கருகல் வரும், பச்சைக் கீரை அவ்வளவு பாதிக்காது. இரண்டையும் கலந்து விதைப்பது கேரளத்து வேளாண் பல்கலைக்கழகமே சொல்லும் முறை. தட்டிலும் பார்க்க அழகாக இருக்கும்.

நீங்கள் கேட்காவிட்டாலும் கிழங்குகளைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. பள்ளி நாட்காட்டிக்கென்றே பிறந்தவை அவை. சிறுகிழங்கைத் தலைப்புக் கொடி கிள்ளி ஆகஸ்டில் நட்டால் பொங்கலுக்குத் தோண்டலாம். நட்ட வகுப்பே தோண்டும், நட்ட வகுப்பே தின்னும். மரச்சீனி (மரவள்ளி) ஜூனில் குச்சி ஊன்றினால் பிப்ரவரிக்குள் கிழங்கு. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இருக்கும் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் ஸ்ரீ ஜெயா, ஸ்ரீ விஜயா ரகங்கள் ஆறேழு மாதத்திலேயே விளைபவை. சேனையை மாசியில் நட்டுவிட்டுக் கோடை விடுமுறைக்குப் போய்விடலாம். கோடை மழைக்கு அதுவே முளைத்துக்கொண்டு நிற்கும். நம் பகுதி திருவிதாங்கூராக இருந்தபோது, 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனியைப் பஞ்சம் தாங்கும் உணவாகப் பரப்பினார். சமூக அறிவியல் ஆசிரியர் அந்தக் கதையை மரச்சீனி மூட்டில் நின்று சொன்னால் பிள்ளைகளுக்கு வாழ்நாளில் மறக்காது.

ஆனால் மரச்சீனியில் கவனம் வேண்டும். அதன் இலையிலும் பச்சைக் கிழங்கிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. கசப்பு ரகங்களில் அதிகம். இலையைத் தின்று ஆடு செத்த கதை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள் பச்சையாகக் கடிக்கக் கூடாது என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். தோல் உரித்து, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்ட வேண்டும். வீட்டில் அம்மா செய்வதற்குக் காரணம் இதுதான் என்று எட்டாம் வகுப்புக்கு விளக்கலாம். சேனையும் சேம்பும் அரிக்கும். அவற்றின் தோலைப் பிள்ளைகள் சீவ வேண்டாம்.

பின்வரிசையில் மூன்று நாலு வாழை போதும். மட்டியோ ஏத்தனோ எது கிடைக்கிறதோ. தட்டு கழுவும் தண்ணீரை ஒரு சின்னக் கால்வாய் வெட்டி அங்கே திருப்புங்கள். கீரைப் பாத்திக்கு மட்டும் அதை விடாதீர்கள். முட்டை போடும் பள்ளியில் முட்டை ஓட்டுக்குப் பஞ்சமில்லை. காயவைத்துப் பொடித்து உரக்குழியில் போடலாம். நம் செம்மண் புளிப்பு மண், சுண்ணாம்புச் சத்து அதற்கு வேண்டும். ஓடு மெதுவாகத்தான் கரையும், அதனால் அதை மட்டும் நம்பாமல் மண் பரிசோதனை செய்து, சொல்லும் அளவுக்கு நீற்றுச் சுண்ணாம்பு போடுங்கள். திருப்பதிசாரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; பள்ளியின் பேரில் கடிதம் கொண்டுபோனால் வழி சொல்வார்கள். பச்சைச் சாணியைக் கீரையில் போட வேண்டாம். மக்கிய பிறகுதான்.

இதைப் படிக்கும் மற்ற ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மாவட்டத்தின் கிழக்கே ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் ஆனி ஆடிக் காற்றில் வாழை நிற்காது. அங்கே முருங்கையும் கொத்தவரையும் நன்றாக வரும், மேற்கே வதங்குவதெல்லாம் அங்கே செழிக்கும். கடற்கரை மணலில் குழிக்கு அடியில் தேங்காய்க் கதம்பையை (நார் மட்டையை) குழிவு மேலே பார்க்க அடுக்கி, மேலே மண் போட்டால் ஈரம் நிற்கும்.

சமையல் விஷயத்துக்கு வருவோம். சத்துணவு அடுக்களைக்குள் பிள்ளைகளை விடவே கூடாது. 2004 ஜூலையில் கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த தீ ஒரு பள்ளிச் சமையல் கூடத்தில்தான் தொடங்கியது. அதன் பிறகு இதில் விவாதத்துக்கு இடமில்லை. சமையல் பாடம் வகுப்பறையில், பெரும்பாலும் அடுப்பில்லாமல். ஆய்வது, கழுவுவது, அளப்பது, தேங்காய் துருவுவது, வெள்ளரிக்காய்ப் பச்சடி, கறிவேப்பிலை போட்ட மோர், முளைகட்டிய பயறு இவையே ஒரு வருஷத்துக்குத் தாராளம். கத்தி ஏழாம் வகுப்புக்கு மேல், ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். மாதம் ஒரு தடவை ஓர் ஆசிரியர் ஒற்றை அடுப்பில் துவரன் செய்து காட்டலாம்: தேங்காய், உள்ளி (சின்ன வெங்காயம்), நல்ல சீரகம், மஞ்சள், காந்தாரி மிளகாய் சேர்த்துக் கரகரப்பாக அரைத்து, தாளித்த கீரையில் போட்டு மூடி, இரண்டு நிமிஷத்தில் இறக்குவது. கீரையில் இருக்கும் வைட்டமின் ஏ சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள எண்ணெயோ தேங்காயோ வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

வெண்டைக்காய் பறிக்கும் நாளில் நுனியை ஒடித்துப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். சட்டென்று ஒடிந்தால் இளசு, வளைந்தால் முற்றல். சந்தையில் இப்படி ஒடித்தால் கடைக்காரர் திட்டுவார், இங்கே திட்ட ஆளில்லை. ஒடிந்த நுனியைப் பாதிப் பிள்ளைகள் அப்படியே வாயில் போட்டுக்கொள்ளும். வீட்டில் வெண்டை என்றால் தட்டைத் தள்ளும் பிள்ளையும் அதில் இருக்கும்.

படிப்பு கெடுமா? வாரம் இரண்டு பாடவேளை என்று வரம்பு வைத்தால் கெடாது. மார்க் கூடும் என்று சிலர் சொல்வதையும் நான் உறுதி சொல்ல மாட்டேன். சென்ட்டைச் சதுர மீட்டராக்குவது, விளைந்ததை நிறுத்து எழுதுவது, ஒரு செடியை வாரா வாரம் அளந்து வரைபடம் போடுவது எல்லாம் கணக்குப் பாடம்தான், அதைப் பெற்றோருக்குக் காட்டுங்கள். தலைமையாசிரியர் தயங்கினால், பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கு மத்திய அரசு 2019இல் வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது என்று சொல்லலாம். இன்னொன்றும் பாருங்கள். பையன்கள் மண்வெட்டி பிடிக்க, பெண்பிள்ளைகள் கீரை ஆய என்று வேலை தானாகவே பிரிந்துவிடும். முதல் வாரத்திலேயே மாற்றிவிடுங்கள். அப்புறம் மாற்றுவது கஷ்டம்.

பூச்சி மருந்து எதுவும் பள்ளிக்குள் வேண்டாம். இயற்கை முறை என்ற பெயரில் புகையிலைக் கஷாயம் தெளிக்கச் சொல்வார்கள்; நிக்கோட்டினும் விஷம்தான். புழுவைக் கையால் பொறுக்குவது, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்பும் கலந்து தெளிப்பது, இவ்வளவு போதும். அதற்கும் அடங்காவிட்டால் செடியைப் பிடுங்கிவிட்டு வேறு பயிர் போடுங்கள். நாம் இதை விற்றுப் பிழைக்கப் போவதில்லை.

நிலைப்பது பற்றி. ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் மாறுதலில் போனதும் தோட்டமும் போய்விடும். அதனால் ஆள் பேரில் வைக்காமல் வகுப்பின் பேரில் வையுங்கள்: எந்த ஆசிரியர் வந்தாலும் தோட்டம் ஏழாம் வகுப்பினுடையது, விதை எடுத்து வைத்து அடுத்த ஏழாம் வகுப்புக்குக் கொடுப்பது அவர்கள் கடமை. ஏப்ரல், மே மாதத்தில் பாத்திகளைக் காலியாக விட்டு, தென்னை ஓலையும் குழையும் போட்டு மூடிவிடுங்கள். அப்போது நிற்க வேண்டியது வாழையும் சேனையும் கறிவேப்பிலையும் மட்டும். அவற்றுக்கு வாரம் ஒரு தடவை தண்ணீர் விடப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரிடம் சொல்லி வைத்தால் போதும், கூலிக்குப் பதில் அவருக்கு ஒரு வாழைக்குலை.

செலவில் பெரும்பங்கு வேலிக்குப் போகும். விதையும் கிழங்கும் ஊரில் கேட்டாலே கிடைக்கும், மண்வெட்டி பெற்றோர் வீடுகளில் இருக்கும். ஆட்டுக்கும் கோழிக்கும் வேலி கட்டலாம், மயிலுக்கு வலை வேண்டும். மலையடிவாரம் என்றால் காட்டுப்பன்றிக்கு முன்னால் மரச்சீனி தாங்காது, அங்கே அதை விட்டுவிடுங்கள். கையில் இருக்கும் காசை முதலில் வேலிக்குப் போடுங்கள். மிச்சம் இருந்தால் மூன்று பேசினும் ஒரு தராசும் வாங்குங்கள்.